படைக்கல அடையாளச் சவால்: ஒரு சீட்டுப் பெட்டியின் நிறையும் குறையும்

படைக்கலங்களைப் படம் பார்த்து அடையாளம் காணும் வினாடி வினாச் சீட்டுப் பெட்டி ஒன்றைக் கடந்த ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பிஸ்டல், ரைபிள், இயந்திரத் துப்பாக்கி, கவச வாகனம், வெடிபொருள் என்று அதில் ஐந்து பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு சீட்டின் முகப்பிலும் ஒரு படமும் நான்கு விடைகளும் இருக்கும். பின்புறத்தில் சரியான விடையும் நாலைந்து வரி விளக்கமும் இருக்கும். வெளியிட்டவர்களின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் கண்ட பிழைகளை அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். திருத்துவதற்கு அவகாசம் கொடுக்காமல் பெயரைச் சொல்லிக் குறை கூறுவது முறையாகாது என்று நினைக்கிறேன். மேலும், இதே வகையில் வெளிவரும் செயலிகளையும் இணைய விளையாட்டுகளையும் நான் ஆடிப் பார்த்திருக்கிறேன். அவற்றிலும் ஏறத்தாழ இதே நிறைகளும் குறைகளுமே தென்படுகின்றன. ஆகவே, இப்படிப்பட்ட ஒன்றை வாங்க எண்ணுபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கும் இம்மதிப்புரை உதவக்கூடும்.

முதலில் இந்தப் பெட்டி என்னை வென்றெடுத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதான என் தங்கை மகனும் நானும் ரைபிள் பிரிவை எடுத்து மேசையில் பரப்பியிருந்தோம். அவன் ஒரு சீட்டைத் திருப்பிய வேகத்திலேயே, "மாமா, இது ஏகே-47 தானே? இதைக்கூடவா கேட்பார்கள்?" என்றான். வளைந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி), குழலுக்கு மேலே ஓடும் வாயுக் குழாய், பிஸ்டல் பிடி எல்லாம் அவன் சொன்னதற்கு இசைவாகவே இருந்தன. ஆனால் அது செக்கோஸ்லோவாக்கியாவின் வி.இசட். 58. "வலப்பக்கத்தைப் பார், ஏகேயில் நீளமான ஒரு நெம்புகோல் இருக்குமே, அது எங்கே?" என்று கேட்டேன். சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இல்லை மாமா" என்றான். ஏகே வகையில் சுடும் முறையைத் தேர்ந்தெடுக்கும் நெம்புகோல், மேலே ஏற்றி வைக்கும்போது உள்ளே தூசு புகாமல் தடுக்கும் மூடியாகவும் பயன்படுகிறது; அதனால்தான் அது அவ்வளவு நீளமாக, தொலைவிலிருந்தே தெரியும்படி அமைந்திருக்கிறது. வி.இசட். 58 அதே 7.62×39 மி.மீ. தோட்டாவைச் சுட்டாலும், உள்ளே இயங்கும் முறை முற்றிலும் வேறு. ஒன்றின் மேகசின்கூட மற்றொன்றில் பொருந்தாது. இவையெல்லாம் அந்தச் சீட்டின் பின்புறத்தில் ஐந்தே வரிகளில் அச்சிடப்பட்டிருந்தன. அன்று முதல் அவன் எந்தச் சீட்டை எடுத்தாலும் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறான்.

இந்த வகைச் சவால்களின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பெயரை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் வினாடி வினா ஒரு வாரத்தில் சலித்துவிடும். ஒரு பொருள் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்கத் தூண்டும் வினாடி வினாவோ, பார்த்த படத்தையே மறுபடியும் எடுத்துப் பார்க்க வைக்கும்.

மேகசினின் வளைவையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் பிரென் இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் மேலே நின்றபடி முன்பக்கமாக நன்றாக வளைந்திருக்கும். அதற்கு மூலமான செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பான இசட்.பி. வி.இசட். 26-இன் மேகசினோ ஏறத்தாழ நேராக இருக்கும். துப்பாக்கிகள் இரண்டும் நெருங்கிய உறவினர்கள். பிரென் என்ற பெயரே செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோ, இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆகிய இரு ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து உருவானதுதான். வேறுபாடு தோட்டாவில் இருக்கிறது. பிரிட்டனின் .303 தோட்டாவுக்கு அடிப்பகுதியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. அப்படிப்பட்ட தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும். இசட்.பி. வி.இசட். 26 சுடும் ஜெர்மானிய 7.92 மி.மீ. தோட்டாவுக்கு அத்தகைய விளிம்பு இல்லை. பின்னாளில் பிரென் துப்பாக்கியை 7.62×51 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியபோது அதன் மேகசினும் ஏறத்தாழ நேராகிவிட்டது. இவ்வளவையும் இரண்டு சீட்டுகளை அருகருகே வைத்து விளக்கியிருக்கிறார்கள். இதே தர்க்கத்தை ஏகே-74 சீட்டிலும் தொடர்கிறார்கள்: 5.45 மி.மீ. தோட்டா உறை அடியிலிருந்து நுனிக்கு ஒடுங்கும் சரிவு குறைவு, ஆகவே மேகசினின் வளைவும் ஏகே-47-இன் பிந்தைய வடிவமான ஏகேஎம்மைவிடக் குறைவு. இதைப் படித்த பிறகு நிழலுருவை மட்டும் காட்டினாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிறது.

ஏகே குடும்பத்துக்கு இந்தப் பெட்டி ஒதுக்கியிருக்கும் இடம் அதிகம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகெங்கும் செய்திப் படங்களில் நாம் காணும் துப்பாக்கிகளுள் பல இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை எல்லாவற்றையும் 'ஏகே-47' என்ற ஒரே பெயரால் அழைக்கும் பழக்கமும் உலகெங்கும் இருக்கிறது. 1949-இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட ஏகே, சிறிது காலத்திலேயே எஃகுக் கட்டியைக் கடைந்து செய்த உடற்கூட்டுக்கு மாறியது. அதில் மேகசினுக்கு மேலே எடையைக் குறைப்பதற்காகச் செதுக்கிய நீள்சதுரப் பள்ளம் இருக்கும். 1959-இல் வந்த ஏகேஎம்மின் உடற்கூடு எஃகுத் தகட்டை அழுத்தி மடித்துச் செய்தது. அதே இடத்தில் ஒரு சிறிய குழிவு மட்டுமே தெரியும். மேல்மூடியில் வரிவரியாக மேடுகள் ஓடும். குழல் முனை பெரும்பாலும் சாய்வாக வெட்டியது போல இருக்கும். சீனத்தின் டைப் 56 ரைபிளில், குறிபார்ப்பதற்காகக் குழல் முனையில் நிற்கும் குறிமுள்ளைச் சுற்றி முழு வளையமாக ஒரு காப்பு இருக்கும். பலவற்றில் குழலுக்கு அடியில் மடித்து வைத்த கூரான பயோனெட்டும் (துப்பாக்கிமுனைக் கத்தி) காணப்படும். ஏகே-74-இன் தோள்கட்டையில் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். இருட்டில் கையால் தடவிப் பார்த்தே எந்தத் துப்பாக்கி என்று வீரர் அறிந்து, தோட்டாவை மாற்றிப் போடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இந்த ஒரு சீட்டைக் காட்டியபோது என் மருமகன் கண்ணை மூடிக்கொண்டு மேசை விளிம்பைத் தடவிப் பார்த்தான். அடையாளம் காண்பது கண்ணோடு முடிந்துவிடும் வேலை அல்ல என்பதை அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டைப் 56 என்ற பெயரை வைத்து ஒரு சீட்டில் தொடுத்திருக்கும் கேள்வியையும் பாராட்ட வேண்டும். சீனத்தில் அந்தப் பெயரைத் தாங்கிய ஆயுதங்கள் குறைந்தது மூன்று உண்டு. ஏகேயின் நகலான ரைபிள் ஒன்று, எஸ்கேஎஸ் கார்பைனின் (குட்டை ரைபிள்) நகல் இன்னொன்று, ஆர்பிடி இலகு இயந்திரத் துப்பாக்கியின் நகல் மூன்றாவது. மூன்று படங்களையும் போட்டு "இவற்றுள் டைப் 56 எது?" என்று கேட்டு, நான்காவது விடையாக "மூன்றும்" என்று வைத்திருக்கிறார்கள். பெயரைப் பிடித்துத் தொங்குபவர் இதில் தவறுவார். பொருளைப் பார்ப்பவர் தவற மாட்டார். நல்ல கேள்வி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பிஸ்டல் பிரிவு அளவில் சிறியது, ஆனால் நேர்த்தியானது. லூகர் பி08-ஐயும் ஜப்பானின் டைப் 14 நம்பூவையும் பக்கவாட்டு நிழலுருவாகக் காட்டியிருக்கும் இணைச் சீட்டுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மெலிந்த குழலும் பின்னோக்கிச் சாய்ந்த பிடியும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால் லூகரின் மேற்புறத்தில் முழங்கால் மடங்குவது போல மேலெழுந்து மடங்கும் கணுப் பூட்டு உண்டு. நம்பூவில் அது கிடையாது, பின்முனையில் பிடித்து இழுப்பதற்கு உருண்டையான ஒரு குமிழ் மட்டுமே இருக்கும். வெளித்தோற்றத்தில் உடன்பிறந்தவை போலத் தெரிந்தாலும் இயக்கத்தில் இரண்டுக்கும் தொடர்பில்லை. ரிவால்வர்களைப் பற்றிய சீட்டுகளில் .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு உண்மையில் .357 அங்குல விட்டம் கொண்டது என்ற செய்தி இருக்கிறது. காலிபர் (குழலின் உள்விட்டம்) என்று அச்சிட்டிருக்கும் எண் எப்போதும் அளவைக் குறிப்பதில்லை என்பதை இளைஞர்களுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது. ஷாட்கன்னின் 12 காஜ் என்ற எண் எப்படி வந்தது என்பதையும் சேர்த்திருக்கலாம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்த விட்டத்தில் இருக்குமோ, அதுவே அந்தக் குழலின் விட்டம். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறிதாகிறது. இந்தச் செய்தி பெட்டியில் எங்குமே இல்லாதது வியப்பாக இருந்தது.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, கேள்விகளிலேயே உள்ள தெளிவின்மை. "கீழ்க்கண்டவற்றுள் 7.62 மி.மீ. தோட்டாவைச் சுடுவது எது?" என்று ஒரு சீட்டு கேட்கிறது. விடைகளில் ஏகேஎம், எம்14, மோசின்-நாகந்து ஆகிய மூன்றும் இருக்கின்றன. அவர்கள் சரியென்று குறித்திருப்பது ஏகேஎம்மை மட்டும். மூன்றுமே 7.62 மி.மீ. துப்பாக்கிகள்தான். ஏகேஎம்முடையது 7.62×39, எம்14-உடையது 7.62×51, மோசின்-நாகந்துடையது விளிம்புள்ள 7.62×54. உறையின் நீளத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் தோட்டாவின் பெயர் முழுமையடையும் என்பதைக் கற்பிக்கும் அருமையான வாய்ப்பைக் கைநழுவ விட்டதோடு, தவறான விடையையும் அச்சிட்டுவிட்டார்கள். இதே போல, மங்கலான ஒரு படத்தைப் போட்டுவிட்டு ஏகே-47, ஏகேஎம் இரண்டையும் விடைகளாகக் கொடுத்திருக்கும் சீட்டும் ஒன்று உண்டு. மேகசினுக்கு மேலே உள்ள பள்ளம் தெரியாத படத்தில் யாராலும் அதைத் தீர்மானிக்க முடியாது. ஆடுபவரின் அறிவைச் சோதிக்கும் கேள்விக்கும் அவருடைய ஊகத்தைச் சோதிக்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாடு இங்கே மறக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது குறை, பரவலாக நம்பப்படும் தவறுகளை அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானியத் துணை இயந்திரத் துப்பாக்கியான எம்.பி. 40-இன் சீட்டின் பின்புறத்தில் அதை வடிவமைத்தவர் ஹியூகோ ஷ்மைசர் என்று அச்சிட்டிருக்கிறது. போர்க்காலத்தில் நேச நாட்டு வீரர்கள் அந்தத் துப்பாக்கியை ஷ்மைசர் என்று அழைத்தது உண்மை. ஆனால் அவர் அதை வடிவமைக்கவில்லை. ஹைன்ரிக் ஃபோல்மரின் முந்தைய வடிவமைப்புகளை ஒட்டி எர்மா ஆலையில் உருவானது அது. ஷ்மைசரின் பெயர் உரிமையோடு நிற்க வேண்டிய இடம் முதல் உலகப்போரின் எம்.பி. 18 சீட்டு, அங்கே அவர் பெயரே இல்லை. ஆர்பிஜி-7 சீட்டில் அந்த மூன்று எழுத்துகளுக்கு 'ராக்கெட்டால் உந்தப்படும் குண்டு' என்று ஆங்கில வழியில் விரிவு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் ரஷ்ய மொழியில் கையில் ஏந்தும் டாங்கி எதிர்ப்புக் குண்டு எறிவான் என்று பொருள்படும் சொற்களின் சுருக்கம். ஆங்கில விரிவு பின்னர் எழுத்துகளுக்கு ஏற்பப் பொருத்தப்பட்டது. இப்படிப்பட்ட பிழைகள் வேறெங்கும் இருந்தால் கடந்துபோய்விடலாம். தவறான நம்பிக்கையைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு விளையாட்டில் இவற்றைக் கடந்துபோக முடியாது.

மூன்றாவது, படங்களில் அளவுகோல் இல்லாமை. ஒரு சீட்டில் 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவும், அடுத்த சீட்டில் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கித் தோட்டாவும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. படத்தின் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டிருந்தால் போதும். சில சீட்டுகளில் இருப்பது உண்மைத் துப்பாக்கிகளின் படமே அல்ல, பொம்மைத் துப்பாக்கிகளின் படம் என்ற ஐயமும் எனக்கு உண்டு. வார்ப்புக் கோடு உடலின் நடுவே ஓடுவதும், குழல் வாயில் உள்ளே சிறிதாக இன்னொரு வளையம் தெரிவதும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

கவச வாகனப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சோவியத் டாங்கிகளுள் டி-55-இல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவது சக்கரத்துக்கும் இடையே மட்டும் அகன்ற இடைவெளி இருக்கும், டி-62-இல் அது பின்பக்கத்துச் சக்கரங்களுக்கு இடையே இருக்கும் என்ற உதவிக் குறிப்பு நன்று. மற்றவை பெரும்பாலும் படத்தைப் போட்டுப் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடுகின்றன.

பெட்டியில் பத்து நொடி மணற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. முதலில் அதை நான் விரும்பவில்லை. இப்போது என் கருத்தை மாற்றிக்கொண்டேன். இரண்டாம் உலகப்போரில் விமானங்களை அடையாளம் காணக் கற்பித்தபோது இரண்டு முறைகள் மோதிக்கொண்டன. இறக்கை, எஞ்சின், உடல், வால் என்று பகுதி பகுதியாகப் பார்த்துப் பட்டியலிடுவது ஒன்று. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சாமுவேல் ரென்ஷா அமெரிக்கக் கடற்படைக்காக வகுத்தது மற்றொன்று: படத்தைத் திரையில் நொடியின் மிகச் சிறிய பங்கு நேரம் மட்டும் மின்னவிட்டு, முழு உருவையும் ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளப் பழக்குவது. அக்காலத்தில் விமான நிழலுருக்களை அச்சிட்ட சீட்டுக்கட்டுகளும் வந்தன. சீட்டாடிக்கொண்டே அடையாளம் கற்பதற்கு. இன்று நாம் பொழுதுபோக்காக ஆடும் இந்தச் சவாலின் வேர் அங்கே இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் இரண்டு முறையும் தேவைப்பட்டன. முதலில் கடிகாரம் இல்லாமல் நெம்புகோல், குறிமுள், மேகசின் என்று பகுதிகளைக் கற்றுக்கொண்டு, பிறகு கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்து ஆடினோம். வரிசையை மாற்றி, தொடக்கத்திலேயே கடிகாரத்தை வைத்திருந்தால் என் மருமகன் எல்லாவற்றையும் ஏகே-47 என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பான். விதிமுறைத் தாளில் இந்த இரண்டு கட்டங்களையும் தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அவசரத்தில் கண் எப்படி ஏமாறும் என்பதற்கு வரலாற்றில் கசப்பான சான்றுகள் உண்டு. 1943 ஜூலை 11 இரவில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு சிசிலிக்குச் சென்ற 144 போக்குவரத்து விமானங்களில் 23 விமானங்களைத் தம் தரப்புப் பீரங்கிகளே வீழ்த்தின. அடுத்த ஆண்டு நார்மண்டிப் படையெடுப்பின்போது நேச நாட்டு விமானங்களின் இறக்கைகளில் அகன்ற கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டதற்கு இந்த அனுபவம் ஒரு காரணம். 1994 ஏப்ரல் 14 அன்று வட இராக்கில் இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் தம் நாட்டின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களையே சோவியத் வடிவமைப்பான எம்ஐ-24 என்று தவறாகக் கருதிச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தனர். பிளாக் ஹாக்கின் இரு பக்கமும் பொருத்தியிருந்த கூடுதல் எரிபொருள் கலங்கள் எம்ஐ-24-இன் குட்டை இறக்கைகளை நினைவூட்டும் தோற்றத்தைத் தந்திருந்தன. நான் இந்த இரண்டு நிகழ்வுகளையும் என் மருமகனுக்குச் சொன்னேன். அவற்றுக்கென இரண்டு சீட்டுகளை அடுத்த பதிப்பில் சேர்க்கும்படி வெளியீட்டாளருக்கும் எழுதினேன்.

கடைசிப் பிரிவான வெடிபொருள்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை அழைத்து, இந்தப் பிரிவை மட்டும் அவரோடு அமர்ந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். கையெறி குண்டுச் சீட்டுகளை அவர் பாராட்டினார். 1915-இல் வந்த மில்ஸ் குண்டின் உடலில் உள்ள கட்டங்கட்டமான பள்ளங்கள் சிதறலுக்காக அல்ல, ஈரக் கையிலும் சேற்றுக் கையிலும் நழுவாமல் பிடிப்பதற்காகவே போடப்பட்டவை என்று சீட்டில் சரியாக எழுதியிருந்தார்கள். ஜெர்மானிய நீள்பிடிக் குண்டின் அடியில் திருகு மூடியும், அதற்குள் இழுக்கும் கயிறும் இருப்பதை வெட்டுப் படமாகவே காட்டியிருந்தார்கள். கிளேமோர் கண்ணிவெடியின் முகப்பில் எதிரியை நோக்கி வைக்க வேண்டிய பக்கம் எது என்பதைப் புடைப்பெழுத்தில் பொறித்திருப்பதையும், உள்ளே ஏறத்தாழ 700 எஃகுக் குண்டுமணிகள் இருப்பதையும் சொல்லும் சீட்டும் நன்று. அமெரிக்காவின் பி.எல்.யு.-43, சோவியத்தின் பி.எஃப்.எம்.-1 ஆகிய சிறு கண்ணிவெடிகளை அருகருகே வைத்து, மரத்திலிருந்து சுழன்று விழும் சிறகு விதை போன்ற அந்த வடிவம் ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டது என்று விளக்கியிருப்பது சீட்டுகளுள் எல்லாம் முக்கியமானது. பொம்மை போலத் தெரியும் அந்த வடிவமே அதைப் பிள்ளைகள் கையில் எடுக்கக் காரணமாகிறது.

ஆனால் நிறக் குறியீட்டுச் சீட்டைப் பார்த்ததும் நண்பர் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். அமெரிக்க முறையில் கரும்பச்சை உடலில் மஞ்சள் பட்டையோ எழுத்தோ இருந்தால் உயர்வெடி மருந்து, நீல உடல் என்றால் பயிற்சிக்கானது என்ற அளவில் சீட்டு சரியாகவே இருந்தது. அதன் கீழே, "ஆகவே நீல நிறக் குண்டு ஆபத்தற்றது" என்று ஒரு வரி இருந்தது. அது மிகவும் தவறான வரி. பயிற்சிக் குண்டுகள் பலவற்றில், விழுந்த இடத்தைப் புகையாலோ ஒளியாலோ காட்டுவதற்காகச் சிறிய வெடிப்பொருள் வைக்கப்படும். அது கையைச் சிதைக்கப் போதுமானது. நிறம் மங்கிப் போகும், துருப்பிடிக்கும், மண்ணில் புதைந்தால் வேறு நிறமாகத் தெரியும். நாட்டுக்கு நாடு முறையும் வேறு. பணியில் இருந்த காலத்தில்கூட நிறத்தைப் பார்த்து எதையும் பாதுகாப்பானது என்று தாம் முடிவு செய்ததே இல்லை என்றார் அவர். நிறம் கிடங்கில் அடுக்குபவருக்கான குறிப்பு. தரையில் கிடப்பதைக் காண்பவருக்கு அது எந்த உறுதியும் தராது.

நிறம் மனிதரை எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2001-இல் ஆப்கானிஸ்தானில் நடந்தது ஒன்றே போதும். விமானங்களிலிருந்து போடப்பட்ட உணவுப் பொட்டலங்கள் மஞ்சள் நிறத்தில் இருந்தன. அதே காலத்தில் போடப்பட்ட கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய பி.எல்.யு.-97 சிறுகுண்டுகளும் மஞ்சள் நிறந்தான்; அளவிலும் குளிர்பான டப்பாவை ஒத்திருந்தன. ஒரு கொத்துக்குண்டுக்குள் அத்தகையவை 202 இருக்கும். பசித்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடும் என்பதை உணர்ந்து வானொலியில் எச்சரிக்கை ஒலிபரப்பினார்கள். பொட்டலத்தின் நிறத்தை மாற்றுவதாகவும் அறிவித்தார்கள். இந்தப் பெட்டியில் பி.எல்.யு.-97-க்கு ஒரு சீட்டு இருக்கிறது. படம் மிகத் தெளிவாக இருக்கிறது. பின்புறத்தில் எடை, நீளம், எத்தனை சிறுகுண்டுகள் என்பனவெல்லாம் இருக்கின்றன. உணவுப் பொட்டலங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. இத்தகைய ஒன்றைத் தரையில் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. அந்தச் சீட்டில் மட்டும் அல்ல, வெடிபொருள் பிரிவு முழுவதிலும் எங்குமே இல்லை.

இதை ஒரு சிறிய விடுபடலாக என்னால் எண்ண முடியவில்லை. துப்பாக்கியை அடையாளம் காண்பது பெரும்பாலானோருக்கு ஆர்வம் மட்டுமே. ஒரு பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறையும். வெடிக்காமல் கிடக்கும் குண்டு அப்படியல்ல. போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் வயல்களிலும் கட்டுமானக் குழிகளிலும் அவை வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் 2008-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் வந்ததே, சண்டை ஓய்ந்த பிறகும் இவை பொதுமக்களைக் கொன்றுகொண்டிருந்த காரணத்தால்தான். அந்த இரண்டு உடன்படிக்கைகளின் ஆண்டையும் கேட்கும் சீட்டு பெட்டியில் இருக்கிறது. அவை எதற்காக வந்தன என்பதைச் சொல்லும் சீட்டு இல்லை. படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லக் கற்ற ஒரு சிறுவனுக்கு, உண்மையில் ஒன்றைக் கண்டால் அருகில் சென்று சரிபார்க்க வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவலை வளர்த்துவிட்டு, அதற்கு எல்லை வகுக்காமல் விடுவது பொறுப்பான செயல் அல்ல. வெளியீட்டாளருக்கு நான் எழுதிய கடிதத்தில் பாதிக்கு மேல் இதைப் பற்றியதே.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை இது. ரைபிள், இயந்திரத் துப்பாக்கி, பிஸ்டல் ஆகிய மூன்று பிரிவுகளுக்காக வாங்கலாம். வரலாற்றிலும் பொறியியலிலும் ஆர்வமுள்ள பதின்வயதினருக்கு அவற்றின் பின்புற விளக்கங்கள் நெடுநாள் துணையாக இருக்கும். தனியே ஆடுவதைவிட, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரோடு ஆடுவது நல்லது. தவறான சீட்டுகளை அவர் பிரித்து வைத்துவிடுவார். சீட்டுகளின் தாள் தடிமனானது, ஆறு மாதக் கைபட்டும் முனை மடங்கவில்லை. எழுத்து மட்டும் சிறிது. கண்ணாடி அணிபவர்கள் நல்ல வெளிச்சத்தில் உட்கார வேண்டும். வெடிபொருள் பிரிவைப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுக்க வேண்டாம். முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு உடன் இருந்து ஆடுங்கள்.

எங்கள் பெட்டியில் நீல நிறக் குண்டைப் பற்றிய அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்துவிட்டேன். பி.எல்.யு.-97 சீட்டின் பின்புறத்தில், எடைக்கும் நீளத்துக்கும் கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில், நண்பர் சொல்லச் சொல்ல என் மருமகன் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறான்: "தொடாதே. கல் எறியாதே. வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் போ. பெரியவர்களிடமும் காவல்துறையிடமும் சொல். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை."